தலையாரிக்குத் தடி கொடுத்த படலம்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு மெய்க்கீர்த்தி தெரியும். கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்த சங்கதியைச் சொல்வதற்கு முன்னால், அரசன் எந்த நாட்டை வென்றான், எவனைத் துரத்தினான், எந்தக் கடலைத் தாண்டினான் என்று வரி வரியாக ஓடும். ஆட்டின் கணக்கு கடைசியில்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. இன்ன ஒப்பந்தத்தைக் கருத்தில் கொண்டும், இன்ன சபையின் கருத்தைக் கேட்டும், இன்னது அவசியமாகையாலும் என்று பக்கம் பக்கமாக முழங்கிவிட்டுத்தான் முதல் பிரிவுக்கே வருவார்கள். ஒரே வித்தியாசம், சோழன் பிடித்ததைப் பட்டியல் போட்டான். இவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதைப் பட்டியல் போடுகிறார்கள்.

விட்டுக்கொடுக்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து, எல்லார் சார்பிலும் எல்லையைக் காக்க ஒரு காவல் அமைப்பை ஏற்படுத்தினார்கள். இன்று ஊருக்கெல்லாம் ஃபிரான்டெக்ஸ் என்று தெரிந்த அதன் பூர்வகதை ஒரு படகில் தொடங்குகிறது.

படகுக்குச் சற்று முன், 1984 தொடக்கத்தில், சுங்க அதிகாரிகள் எல்லையில் வேலையை இழுத்தடிக்க, லாரிக்காரர்கள் பொறுமை இழந்து சாலைகளை மறித்தார்கள். தக்காளி அழுகியது, தலைவர்களுக்கு ஞானம் பிறந்தது. அந்த ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சார்ப்ரூக்கன் நகரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: நம் இருவருக்கும் நடுவே எல்லைச் சோதனையைப் படிப்படியாக விட்டுவிடலாம். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றன.

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சின்னத் திராட்சை கிராமத்தின் ஓரம், மொசெல் ஆற்றில், 'பிரின்சஸ் மரி-ஆஸ்ட்ரிட்' என்ற உல்லாசப் படகில் ஐந்து நாட்டார் கையெழுத்திட்டார்கள். பிரதமர்கள், ஜனாதிபதிகள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வரிசை ஆட்களை அனுப்பி வைத்தார்கள். ஐரோப்பாவின் வரைபடத்தையே மாற்றப்போகும் காகிதம் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை போலும். இடத் தேர்வு மட்டும் பிரமாதம். லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓடும் மொசெல், கரைக்குக் கரை இரண்டு நாட்டுக்கும் பொது. நடுவில் கோடு கிடையாது. நம்மூர் பாஷையில் கூட்டுப் பட்டா. கூட்டுப் பட்டா நிலத்தில் வேலி யார் போடுவது, செலவை யார் ஏற்பது, ஆடு மேய்ந்தால் யாரைக் கேட்பது என்று பங்காளிகள் மூன்று தலைமுறைக்கு வழக்காடுவார்கள். இந்தக் கதையில் இனி வருவது அத்தனையும் அந்த வழக்குதான்.

படகில் மை காய்வதற்குள் பெர்லினில் ஒரு வேடிக்கை நடந்தது. இலங்கையின் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, உள்ளூர் ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து புகலிடம் கேட்டார்கள். மேற்கு ஜெர்மனியால் அங்கே குடியேற்றச் சோதனை போட முடியவில்லை. காரணம், சோதனை போட்டால் பெர்லினை வெட்டும் அந்தக் கோடு உண்மையான சர்வதேச எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லை இல்லை என்பது அவர்கள் கொள்கை. எல்லை இல்லாததால் ஆட்கள் வருவது அவர்கள் பிரச்சினை. கடைசியில் சுவரைக் கட்டியவர்களிடமே போய்ப் பேசி, 1985 கோடையிலேயே, விசா இல்லாத தமிழர்களை அந்த வழியில் விடாமல் செய்தார்கள். உள்ளே கதவைக் கழற்றும் கை வெளியே கதவைத் தேடும் என்பதற்கு முதல் சாட்சிகள் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

ஷெங்கன் உடன்படிக்கை 33 பிரிவுகளில் முடிந்துவிட்டது. ஆசையைச் சொல்ல அவ்வளவு போதும். ஆசையை நடத்திக் காட்ட இன்னொரு ஒப்பந்தம் வேண்டுமே. அதை 1989 டிசம்பரில் கையெழுத்திட நாள் குறித்தார்கள். எல்லைகளைத் திறக்கும் ஒப்பந்தத்துக்கு எல்லாம் தயார். நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. உடனே எல்லாரும் பதறிப்போய்க் கையெழுத்தைத் தள்ளிவைத்தார்கள்! எல்லை திறந்துகொண்ட அதிர்ச்சியில் எல்லை திறப்பு விழா ரத்து. பிறகு 1990 ஜூனில் 142 பிரிவுகளோடு கையெழுத்தாகி, 1995 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. தகவல் தளம், விசா, காவல்துறை ஒத்துழைப்பு என்று அந்த 142-இல் பெரும்பகுதி, திறந்த கதவுக்கு ஈடாக வேறெங்கே பூட்டுப் போடுவது என்பதைப் பற்றியது.

இதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நடந்த தனிக் குடித்தனம். ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் இதைத் தூக்கி ஒன்றியத்தின் சட்டத்துக்குள் வைத்தது. அது அமலுக்கு வந்த நாள் 1999 மே 1. 'ஷெங்கன் சட்டத் தொகுதி முழுவதும் இனி ஒன்றியத்தின் சட்டம்' என்று ஆகிவிட்டது. நல்லது, அந்தத் தொகுதியில் என்னென்ன இருக்கிறது? அதை வரையறுத்து, உறுப்பு நாடுகளின் மந்திரிகள் கூடும் கவுன்சில் முடிவெடுத்த நாள் மே 20. அரசிதழில் அச்சிட்டு ஊருக்குக் காட்டியது 2000 செப்டம்பர். சொத்து கைமாறிய பிறகு, அதில் எத்தனை ஏக்கர் என்று அளக்க நில அளவையரைக் கூப்பிட்ட கதை இது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இப்படி ஒரு பத்திரத்தை நீட்டிப் பாருங்கள், சார்பதிவாளர் என்ன சொல்கிறார் என்று.

உள்வேலி போயாயிற்று; வெளிவேலி யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. 2001-இல் நியூயார்க் தாக்குதல், அடுத்து ஒன்றியத்தில் பத்து நாடுகள் சேரப்போகின்றன என்ற கவலை. 2002-இல் ஒன்றியத்தின் நிர்வாகக் கையான கமிஷன், ஐரோப்பிய எல்லைக் காவலர் படை என்ற யோசனையை மெதுவாக மேசை மேல் வைத்தது. எல்லாத் தலைநகரங்களும் ஒரே குரலில் இருமின. சொந்த மண்ணில் அந்நியச் சீருடையா? சரி, படை வேண்டாம், மையங்கள் வைத்துக்கொள்வோம் என்று சமாதானம் ஆயிற்று. நில எல்லைக்கு பெர்லின், விமான நிலையங்களுக்கு ரோம், மேற்குக் கடலுக்கு மாட்ரிட், கிழக்குக் கடலுக்கு பிரேயஸ், ஆபத்தைக் கணிக்க ஹெல்சின்கி, பயிற்சிக்கு ஆஸ்திரியாவின் ட்ரைஸ்கிர்ஹன், நுட்பங்களுக்கு டோவர். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு நாற்காலி. ஒன்று செய்வதை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க ஆளில்லை. ஷெங்கனில் சேராத பிரிட்டனுக்கும் ஒரு மையம் கிடைத்ததைக் கவனியுங்கள், அது பின்னால் வரும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2004 அக்டோபர் 26 அன்று பிறந்தது கவுன்சில் ஒழுங்குவிதி 2007/2004. அது பெற்றெடுத்த ஃபிரான்டெக்ஸுக்கு இட்ட முழுப்பெயர்: 'ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளின் வெளி எல்லைகளில் செயற்பாட்டு ஒத்துழைப்பை நிர்வகிப்பதற்கான ஐரோப்பிய முகமை'. நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். இது எல்லையை நிர்வகிக்காது. எல்லையில் நடக்கும் ஒத்துழைப்பைத்தான் நிர்வகிக்கும். எல்லைகள் யாருடையவை? உறுப்பு நாடுகளுடையவை. சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று முதல் பிரிவிலேயே, கட்டுப்பாட்டுக்கும் கண்காணிப்புக்கும் பொறுப்பு உறுப்பு நாடுகளுக்கே என்று ஆணியடித்தார்கள். ஊருக்குத் தலையாரி வைத்தாயிற்று. ஆனால் அவர் யாரையும் பிடிக்கக் கூடாது, பிடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம்.

மொத்தம் 34 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தின் முகவுரையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜிப்ரால்டர். ஜிப்ரால்டரின் எல்லைக் கோட்டைப் பற்றி ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் தகராறு இருக்கிறது. ஆகவே இந்தச் சட்டம் அங்கே நிறுத்திவைக்கப்படுகிறது. இப்படி நிறுத்திவைத்ததால் இருவர் நிலைப்பாட்டிலும் எந்த மாற்றமும் இல்லை. எல்லைகளுக்காகவே எழுதிய சட்டம், எல்லை எது என்று அடித்துக்கொள்ளும் இடத்தில் கைகட்டி ஒதுங்கி நிற்கிறது.

பிரிட்டன் விஷயத்துக்கு வருவோம். ஷெங்கன் வேண்டாம், எங்கள் கதவை நாங்களே பூட்டிக்கொள்கிறோம் என்று விலகி நின்ற பிரிட்டன், ஃபிரான்டெக்ஸ் பிறந்ததும் எங்களையும் சேருங்கள் என்றது. கவுன்சில் மறுத்தது. பிரிட்டன் கோர்ட்டுக்குப் போனது. 2007 டிசம்பரில் லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம், அஸ்திவாரத்தில் பங்கு வேண்டாம் என்றவருக்கு மாடியில் மட்டும் அறை கிடையாது என்ற அர்த்தத்தில் வழக்கைத் தள்ளியது. ஐரோப்பா எங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்று பிற்காலத்தில் வீடு வீடாகச் சொல்லிப் பிரிந்துபோன நாடு, ஒரு காலத்தில் எங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டது என்பதை லண்டனில் யாரும் நினைவுபடுத்திக்கொள்வதில்லை.

ஃபிரான்டெக்ஸின் தலைமையகம் வார்சா. கடல் எல்லைகளையும் காக்கவேண்டிய அமைப்புக்குக் கடற்கரையே இல்லாத நகரம். பால்டிக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாட்டைக் கடந்து வடக்கே போகவேண்டும். புதிதாகச் சேர்ந்த நாடுகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 2005-இல் குடியேறிய இவர்களுக்கும் போலந்து அரசுக்கும் முறையான தலைமையக ஒப்பந்தம் 2017-இல்தான் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் வாடகை ஒப்பந்தம் இல்லாத குடித்தனம்! முதல் செயல் இயக்குநர் இல்க்கா லைட்டினன், ஃபின்லாந்து எல்லைக் காவல்படைக்காரர். முதல் ஆண்டு பட்ஜெட் சுமார் 60 லட்சம் யூரோ. கப்பல், விமானம் எதுவும் சொந்தமில்லை. உறுப்பு நாடுகள் இன்னின்னது தருகிறோம் என்று ஒரு பதிவேட்டில் எழுதின. 100-க்கும் மேற்பட்ட கப்பல்கள், 25 ஹெலிகாப்டர்கள் என்று பார்ப்பதற்கு அது ஒரு கடற்படை. கேட்கும்போது ஒன்று பழுதில் இருக்கும், ஒன்று ஒத்திகையில் இருக்கும், ஒன்றுக்கு மந்திரி கையெழுத்து வந்திருக்காது. கல்யாண மொய் நோட்டில் பெயர் எழுதிவிட்டு உறையை வைக்காமல் போனவர்கள் நம் பக்கத்தில் மட்டும் இல்லை.

இதுவரை சிரிக்கலாம். 2007 மே மாதத்தில் கதை கடலுக்குப் போகிறது.

லிபியாவுக்கு வடக்கே ஒரு மால்ட்டா இழுவைக் கப்பல் சூரை மீன் கூண்டை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. படகு மூழ்கித் தத்தளித்த 27 ஆப்பிரிக்க ஆண்கள் அந்தக் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே சூரை மீன்கள் விலை உயர்ந்தவை, பத்திரமாக இருந்தன. விளிம்பில் மனிதர்கள் மூன்று நாள் தொங்கினார்கள். கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு திசை மாறினால் மீன் போய்விடும். மால்ட்டா, இது லிபியாவின் தேடல்-மீட்புப் பகுதி என்றது. லிபியா அசையவில்லை. அங்கே இங்கே என்று தகவல்கள் பறந்தன. கடைசியில் இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஃபிரான்டெக்ஸ் ஒருங்கிணைத்த 'நாட்டிலஸ்' ரோந்தின் அவ்வாண்டுச் சுற்று அதற்கு அடுத்த மாதம்தான் தொடங்கவிருந்தது.

மால்ட்டா குட்டித் தீவு. ஆனால் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த அதன் மீட்புப் பகுதி இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. அந்தப் பகுதியில் விமானப் போக்குவரத்தை வழிநடத்துவதற்குக் கட்டணம் வரும், விடவும் மனமில்லை. அதில் தத்தளிக்கும் ஆட்களை ஏற்கவும் வழியில்லை. இத்தாலியோ, மீட்கப்பட்டவர்களை அந்தப் பகுதிக்குரிய நாடுதான் கவனிக்க வேண்டும் என்றது. மால்ட்டா, பக்கத்துத் துறைமுகம்தான் முறை என்றது. பக்கத்துத் துறைமுகம் பெரும்பாலும் இத்தாலியின் லாம்பெடூசா. சர்வதேச கடல் மீட்பு ஒப்பந்தத்துக்கு 2004-இல் வந்த திருத்தத்தை இத்தாலி ஏற்றது, மால்ட்டா ஏற்கவில்லை. ஒரே கடலில் இரண்டு சட்டப் புத்தகம். நடுவே ஃபிரான்டெக்ஸ், ஒத்துழைப்பை நிர்வகித்தபடி.

2010 ஏப்ரலில் கவுன்சில் ஒரு முடிவு வெளியிட்டது: ஃபிரான்டெக்ஸ் ஒருங்கிணைக்கும் ரோந்தில் மீட்கப்பட்டவர்களை, வேறு வழியில்லையென்றால், ரோந்தை நடத்தும் நாடே கரையேற்ற வேண்டும். மால்ட்டா உடனே, அப்படியானால் ரோந்தை நாங்கள் நடத்தவில்லை என்று கழன்றுகொண்டது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வேறு கோபம். ஆட்களைப் பிடிப்பது, படகைத் திருப்புவது, எங்கே இறக்குவது போன்ற பெரிய விஷயங்களை எங்களைக் கேட்காமல் ஒரு துணை நடைமுறை வழியாக நுழைப்பதா என்று வழக்குப் போட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று தீர்ப்பு: நாடாளுமன்றம் சொல்வது சரி, இந்த முடிவு முழுவதும் ரத்து. ஆனால் புதிய விதி வரும்வரை இது தொடர்ந்து செல்லும்! செத்துப்போன விதி 2014-இல் ஒழுங்குவிதி 656 பிறக்கும்வரை சம்பளத்தோடு வேலை பார்த்தது. நீதிபதிகளைக் குறை சொல்ல மாட்டேன், கடலை விதியே இல்லாமல் விடவும் முடியாதுதான். இருந்தாலும் அந்த ஒன்றே முக்கால் ஆண்டில் மத்தியதரைக் கடலில் ரோந்து போன அதிகாரி ஒருவரிடம், எந்தச் சட்டப்படி இதைச் செய்கிறீர் என்று கேட்டிருந்தால், ரத்தான சட்டப்படி என்பதுதான் நேர்மையான பதில்.

அதே 2012-இன் பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. 2009 மே 6 அன்று லாம்பெடூசாவுக்குத் தெற்கே 35 கடல் மைலில் சுமார் 200 பேரை இத்தாலியக் கப்பல்கள் ஏற்றி, யாரென்று கேட்காமல், புகலிடம் வேண்டுமா என்றும் கேட்காமல், திரிப்போலியில் கொண்டுபோய் இறக்கின. சோமாலியர், எரித்ரியர் 24 பேர் வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் காப்பாற்றத்தானே செய்தோம், நடுக்கடலில் எங்கள் அதிகார எல்லை எங்கிருந்து வந்தது என்று இத்தாலி கேட்டது. கப்பல் உங்களுடையது, கொடி உங்களுடையது, துப்பாக்கி பிடித்தவர்கள் உங்கள் ஆட்கள், அப்புறம் அதிகாரம் மட்டும் யாருடையது என்று கேட்டு, 17 நீதிபதிகளும் ஒருமனதாக இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஃபிரான்டெக்ஸ் மீது இப்படி ஒரு வழக்கு போட முடியுமா? முடியாது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தில் சேர்ந்தவர்களை மட்டும்தான் விசாரிக்கும். நாடுகள் சேர்ந்திருக்கின்றன, ஐரோப்பிய ஒன்றியம் சேரவில்லை. ஒன்றியம் சேர வேண்டும் என்று 2009-இல் லிஸ்பன் ஒப்பந்தமே கட்டளையிட்டது. சேர்வதற்கான வரைவை 2014 டிசம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றமே, இது நம் ஒப்பந்தங்களோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. ஆக, கிரேக்கத்தின் கோஸ்ட் கார்டு உங்களைத் தள்ளினால் ஸ்ட்ராஸ்பர்க் போகலாம். அதே படகில் பக்கத்தில் நின்ற ஃபிரான்டெக்ஸ்காரர் தள்ளினால் லக்சம்பர்க் போக வேண்டும். யார் கை பட்டது என்பதைத் தண்ணீருக்குள் இருந்துகொண்டே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

2013 அக்டோபரில் லாம்பெடூசா அருகே படகு மூழ்கி 360-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தாலி தன் செலவில் ஓராண்டு மீட்புப் பணி நடத்திக் களைத்துப்போனது. அதன்பின் வந்த ஃபிரான்டெக்ஸின் 'ட்ரைட்டன்' எல்லைக் கண்காணிப்பு மட்டுமே என்பதால் இத்தாலியக் கரையிலிருந்து 30 கடல் மைலோடு நின்றது. அந்தக் கோட்டைத் தாண்டிக் கப்பல்களை அனுப்புகிறீர்களே என்று இத்தாலிக்கு வார்சாவிலிருந்து ஆட்சேபக் கடிதம் போனது. 2015 ஏப்ரலில் ஒரே படகில் நூற்றுக்கணக்கானோர் மூழ்கிய பிறகு கோடு 138 மைலாக நீண்டது. இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை, மேலே போகிறேன்.

2015-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கமிஷன் டிசம்பரில் துணிச்சலான வரைவு ஒன்றை நீட்டியது: ஒரு நாடு எல்லையைக் காக்கத் தவறினால், அது கூப்பிடாவிட்டாலும், ஃபிரான்டெக்ஸ் ஆட்களை அனுப்ப நாங்கள் முடிவெடுப்போம். பங்காளிகள் கொதித்தார்கள். கடைசியில் வந்த 2016-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 1624-இல் அந்த அதிகாரம் கமிஷனிடமிருந்து நாடுகள் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலுக்குப் போனது. அந்த நாடு அப்போதும் ஒத்துழைக்காவிட்டால்? மற்ற நாடுகள் தங்கள் உள் எல்லைகளில் மறுபடி சோதனை போடலாம். அதாவது வெளிவேலி காக்காதவனுக்குத் தண்டனை, மற்றவர்கள் ஷெங்கனையே கொஞ்ச காலம் மறந்துவிடுவது.

பெயரும் மாறியது: 'ஐரோப்பிய எல்லை மற்றும் கடலோரக் காவல் முகமை'. அதே மூச்சில், வழக்கில் ஃபிரான்டெக்ஸ் என்றே அழைக்கப்படும், இது அதே பழைய சட்ட நபர்தான் என்றும் முகவுரை சொன்னது. பொறுப்புக்கும் புது ஏற்பாடு. இனிமேல் எல்லை நிர்வாகம் முகமைக்கும் நாடுகளுக்கும் பகிர்ந்த பொறுப்பு, ஆனால் முதன்மைப் பொறுப்பு நாடுகளுக்கே. பகிர்ந்தாயிற்று, கொடுக்கவில்லை. பிரிவுகள் 83 ஆயின. 2016 அக்டோபர் 6 அன்று பல்கேரியா–துருக்கி எல்லையில் கபிட்டான் ஆந்த்ரேயெவோ சாவடியில் கொடி, கேமரா, மந்திரிகளோடு தொடக்க விழா. ஷெங்கனின் வெளி எல்லையைக் காக்கும் படையைத் தொடங்கிவைத்த அந்த பல்கேரியா அப்போது ஷெங்கனிலேயே இல்லை. முழுதாக உள்ளே விட்டது 2025 ஜனவரியில்.

மூன்று ஆண்டுதான் ஆயிற்று, 2019 நவம்பரில் ஒழுங்குவிதி 1896. பிரிவுகள் 124. இந்த முறை சொந்தப் படையே உண்டு: 10,000 பேர். கமிஷன் 2020-க்குள் என்று கேட்டது, நாடுகள் 2027 என்று இழுத்தன. இதில் ஒரு பகுதி முகமையின் நேரடி ஊழியர்கள், மற்றவர்கள் நாடுகள் நீண்ட காலத்துக்கும் குறுகிய காலத்துக்கும் இரவல் தருபவர்கள். வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பிய ஒன்றியத்தின் சீருடை. 2002-இல் எதைக் கேட்டு எல்லாரும் இருமினார்களோ அதையே பதினேழு ஆண்டு கழித்துத் தாங்களே தைத்துக் கொடுத்தார்கள். தலையாரிக்குத் தடியும் கொடுத்தாயிற்று: துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், எப்போது பயன்படுத்தலாம் என்பதற்குத் தனிப் பின்னிணைப்பு. பயன்படுத்த, அந்தந்த நாட்டின் சம்மதம் வேண்டும்.

தடியோடு ஒரு கண்ணும் வைத்தார்கள். அடிப்படை உரிமைகளைக் கண்காணிக்க 40 பேரையாவது 2020 டிசம்பர் 5-க்குள் நியமிக்க வேண்டும் என்று தேதி போட்டுச் சட்டம் சொன்னது. அந்தத் தேதி வந்தது, போனது. ஒருவர்கூட வேலைக்கு வரவில்லை. சீருடை 2021 ஜனவரியில் நேரத்துக்கு வந்துவிட்டது.

மக்கள் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. தகவல் உரிமைக்காக உழைக்கும் இருவர், 2017-இல் ட்ரைட்டனில் ஓடிய கப்பல்களின் பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் தெரிந்தால் கடத்தல்காரர்கள் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றது முகமை. 2019 நவம்பரில் நீதிமன்றம் முகமை பக்கம். அது போதாதென்று, எங்கள் வக்கீல் செலவு 23,700 யூரோவைக் கட்டுங்கள் என்று பில் அனுப்பினார்கள். நீதிமன்றம் அதை 10,520 யூரோவாகக் குறைத்தது. கட்டவேண்டியது கட்டவேண்டியதுதான்.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது, ஆகவே ஃபிரான்டெக்ஸுக்குப் பணமும் ஆளும் தர வேண்டும். 2022 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடத்தி 71 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். லிக்டென்ஸ்டைனும் பங்கு கட்டுகிறது. கடலைப் பார்க்க இரண்டு நாடுகளைத் தாண்டவேண்டிய ஊர் அது. கடலோரக் காவலுக்குக் காசு கொடுப்பதில் குறை வைப்பதில்லை.

அந்த 124 பிரிவுக்கும் நடுவே 46 என்று ஒன்று உண்டு: ஓரிடத்தில் அடிப்படை உரிமைகள் கடுமையாக, தொடர்ந்து மீறப்பட்டால் செயல் இயக்குநர் அங்கே நடவடிக்கையை நிறுத்த வேண்டும். ஹங்கேரி விஷயத்தில் லக்சம்பர்க் தீர்ப்பு வந்த பிறகு 2021 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஏஜியன் கடலில் கிரேக்கக் கரையோரம் படகுகளைத் திருப்பித் தள்ளுவதாகச் செய்திகள் குவிந்தபோது, அங்கே நடவடிக்கையை நிறுத்தவில்லை. ஒன்றியத்தின் மோசடி ஒழிப்பு அலுவலகமான ஓலாஃப் விசாரித்தது. சாட்சியாகிவிடக் கூடாதென்றே கண்காணிப்பு விமானம் விலக்கப்பட்டதாகவும், உரிமை அதிகாரிக்குத் தகவல்கள் மறைக்கப்பட்டதாகவும் அதன் அறிக்கை சொன்னது. பார்க்கத்தான் விமானம் அனுப்பினார்கள். பார்த்துவிட்டால் எழுத வேண்டும், எழுதினால் 46 விழித்துக்கொள்ளும்.

2015-இலிருந்து செயல் இயக்குநராக இருந்த ஃபப்ரிஸ் லெஜெரி 2022 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். எனக்குத் தரப்பட்ட பொறுப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஒருவகையில் அவர் பொய் சொல்லவில்லை. எல்லைக் காவலா, உயிர் காப்பா, உரிமைக் காப்பா என்று ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. எந்தப் பக்கம் போனாலும் தவறு என்ற நாற்காலியில் அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் முகமையின் 2020 வரவுசெலவை ஏற்க மறுத்தது. 2024 ஜூனில் லெஜெரி, பிரான்சின் தீவிர வலதுசாரி லு பென் கட்சியின் சார்பில் வென்று அதே நாடாளுமன்றத்தில் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார்.

இதற்கிடையே ஒரு சிரியக் குடும்பம், கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள், லக்சம்பர்க்கின் படியேறியது. 2016 அக்டோபரில் கிரேக்கத் தீவில் புகலிடம் கேட்டவர்களை, அந்த மனுவைத் தீர்க்காமலே, ஃபிரான்டெக்ஸ் ஒருங்கிணைத்த விமானத்தில் ஏற்றித் துருக்கியில் இறக்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் சொன்ன பதில்: யாரைத் திருப்பி அனுப்புவது என்பது கிரேக்கத்தின் முடிவு, ஃபிரான்டெக்ஸ் கொடுத்தது தொழில்நுட்ப உதவி, செயற்பாட்டு உதவி, அவ்வளவே. குடும்பம் மேல்முறையீட்டுக்குப் போனது. பகிர்ந்த பொறுப்பு என்று 2016 சட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்களே, அது செப்டம்பரில் வந்த சட்டம், விமானம் பறந்தது அக்டோபரில்.

2024 ஜூலையில் கமிஷன் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன், 10,000 போதாது, 30,000 ஆக்குவோம் என்றார். அதற்குச் சட்டத்தை மறுபடி எழுத வேண்டும். 34 பிரிவு, 83 பிரிவு, 124 பிரிவு என்று வந்திருக்கிறது. அடுத்தது 124-க்குக் கீழே இறங்காது என்று நான் பந்தயம் கட்டத் தயார். ஜிப்ரால்டர் தகராறு மட்டும் இடையில் ஓரளவு சமாதானமாகிவிட்டதால் அந்தப் பத்தியை எடுத்துவிடுவார்களோ என்று கொஞ்சம் கவலையாக இருக்கிறது.